மொச்சைக்கு ரைட்

அன்றைக்குக் காலையில் மாணிக்கவேலுக்கு இருந்தது ஒரே எண்ணம். நாய் கார் ஏறிப் போய்விட வேண்டும். அது போன பிறகு வீட்டுக்கு வந்து, ஃபேனைப் போட்டு, காலுக்கடியில் தலையணை வைத்து மத்தியானம் வரை படுத்துக் கிடக்க வேண்டும். மூன்று வருடமாக விடியற்காலைத் தூக்கம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

நாய் அவருடையது அல்ல. மகள் பிரியதர்ஷினி பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. கூடத் தங்கியிருந்த பெண்ணுக்கு நாய் மயிர் பட்டால் மூச்சு இரைத்தது. "ரெண்டே மாசம்பா, வேற வீடு பாத்ததும் இட்டுக்கினு போயிடறேன்" என்று கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். காபி நிறம் என்பதால் மோக்கா என்று பெயர் வைத்திருந்தாள். அம்மா காந்தாவின் வாயில் அது முதல் நாளே மொச்சை ஆயிற்று. தெருவில் மொச்சக்கொட்டை. கூடையில் வந்த குட்டி, கூடையைக் கடித்துத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு வளர்ந்தது. இப்போது மோக்கா என்று கூப்பிட்டால் அது காதைக்கூட அசைப்பதில்லை.

மாணிக்கவேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை நின்றுகொண்டே கழித்த மனிதர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. போன மாதம் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த முட்டிய வச்சிக்கினா நாய் இழுக்கிற இழுப்புக்கு ஓடறீங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டார். அவள் இப்போது சென்னையில், கீழ்த்தளத்தில், முன்னால் கொஞ்சம் மண்தரையோடு ஒரு வீடு எடுத்திருந்தாள். "என்னால முடியலமா. வந்து இட்டுக்கினு போயிடு" என்றார். "சரிப்பா, நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் உடனே. அத்தனை சீக்கிரம் சரி என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

நாய்க்கு விசில் பழக்கியது வேறு வழி இல்லாமல்தான். அவர் குடியிருப்பது பிள்ளையார்பாளையத்தில். விடியலில், தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்துக் கட்டி, நெசவுக்காரர்கள் இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொச்சை வந்த புதிதில் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு பாவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. அறுந்த இழைகளை முடிச்சுப் போட அந்தப் பாவின் சொந்தக்காரர் வரதராஜனுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எம்மாம் பெரிய பஸ்ஸையே நிறுத்தினவரு நீ. ஒரு நாய நிறுத்த முடியலயா கண்டக்டரே?" என்று மட்டும் கேட்டார். அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் அலமாரியில் கிடந்த விசிலை எடுத்தார்.

அவருக்குத் தெரிந்தது இரண்டு பாஷைதான். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். அதையே நாய்க்கும் பழக்கினார். விடியற்காலையில் விசில் ஊதினால் பக்கத்து வீட்டில் திட்டு விழுந்தது. அதனால் இரும்பு கேட்டை உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். விசில் இல்லாதபோது பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவது போல, ஒரு தட்டு, இரண்டு தட்டு. கொஞ்ச நாளில் மொச்சை பாவுக்கு முன்னால் வந்து நின்று, அவர் எதையாவது இரண்டு முறை தட்டும் வரை நகராமல் இருக்கப் பழகிவிட்டது. நெசவுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஸ்டேஜ் வந்தா எறங்கிடும்போல" என்றார் வரதராஜன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாமல் ஏரி. அதற்கு நசீருதீனின் ஆட்டோ. நசீருதீன் அவரோடு ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். நாய் தன்மேல் உரசக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். "தொழுவற துணி இதுய்யா. அந்தாண்ட புடி" என்பார். ஆனால் பின்சீட்டில் நாய்க்கென்று ஒரு சாக்கைத் துவைத்து விரித்து வைத்திருப்பார். ஞாயிறு காலையில் கூப்பிடாமலே வாசலில் வந்து நிற்பார். மாணிக்கவேல் ஆட்டோவின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் மொச்சை ஏறும். நசீருதீன் வண்டியை எடுப்பார். அந்த இரண்டு தட்டு யாருக்கு என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அந்த ஞாயிறு கடைசி நடை. பிரியதர்ஷினி முந்தின நாளே வந்து காரைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தாள். ஏரியில் நன்றாக ஓடவிட்டுக் களைப்பாக்கினால் சென்னை வரைக்கும் தூங்கிக்கொண்டே வரும் என்பது அவள் யோசனை. காந்தா ஏரிக்கு வரவில்லை. "நான் வரல. அது ஏறும்போது என் மூஞ்சியப் பாக்கும்" என்று சொல்லி, தட்டையும் படுக்கைத் துணியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாணிக்கவேல் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மகள் கழுத்தில் மாட்டினார்.

"இது கேக்குமாப்பா?"

"நல்லாக் கேக்கும். ஊதினாப் போதும்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்டக்டர் மகளுக்கு விசிலைப் பற்றி என்ன சொல்வது?

தாமல் ஏரியில் அந்த மாதம் பாதி தண்ணீர் இருந்தது. கரையை ஒட்டிக் கலங்கித் தேநீர் நிறத்திலும், நடுவில் வெயில் பட்ட இடத்தில் வெள்ளையாகவும் கிடந்தது. முக்குளிப்பான் பறவைகள் மூழ்கி மூழ்கி எழுந்தன. தண்ணீர் வற்றிய பக்கத்தில் வனத்துறை நட்ட கருவேலந்தோப்பு. அந்தத் தோப்பு முடிகிற இடத்தில் மேடு. மேட்டின் மேல் பெங்களூர் நெடுஞ்சாலை. மரங்களுக்கு நடுவே லாரிகளின் தலைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் மாணிக்கவேல் நாயை விட்டதே இல்லை. கரையின் மேலேயே நடந்து மதகு வரை போவார், திரும்புவார். அன்றைக்கு அதற்கும் முடியவில்லை. ஆட்டோ நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே 'இங்கு குளிப்பது ஆபத்து' என்று எழுதிய பெரிய தகரப் பலகை இருந்தது. அதன் நிழலில் கல்லின்மேல் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார்.

"நீ இட்டுக்கினு போமா. இனிமே நீதான நடக்கணும்."

பிரியதர்ஷினி நாயோடு கரையிலிருந்து தோப்புக்குள் இறங்கினாள். சமதரை வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மொச்சை மூக்கைத் தரையில் வைத்து மரத்துக்கு மரம் போய்க் காலைத் தூக்கியது.

நசீருதீன் ஆட்டோவில் சாய்ந்து நின்று பீடி பற்ற வைத்தார்.

"அப்போ, அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு லீவு."

"உனக்கென்ன லீவு? சவாரி இட்டுக்கினு போ."

"எவன் ஏரிக்கு வரான்? நாய்தான் வருது." புகையை விட்டார். "சாக்கைக் கெடாசிடட்டா?"

மாணிக்கவேல் முட்டியை நீவிக்கொண்டே இருந்தார். தூக்கம் கண்ணை அழுத்தியது. அரைக்கண்ணை மூடிக்கொண்டு, நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அதுவே சுகமாக இருந்தது.

மயில் அகவுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். தோப்பின் நடுவில் மயில் ஒன்று தாழப் பறந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மொச்சை. நேராக மேட்டுப் பக்கம்.

பிரியதர்ஷினி "மோக்கா, மோக்கா" என்று கத்தினாள். பிறகு விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

இரண்டு முறை. சின்னதாக, அடுத்தடுத்து.

மொச்சை ஒரு கணம் வேகம் குறைந்ததைப் போலத் தெரிந்தது. ரைட் கிடைத்துவிட்டது. அது இன்னும் வேகமாக ஓடியது.

மாணிக்கவேல் கல்லில் கையை ஊன்றினார். எழுந்து நின்றார். "ஊதாத" என்று கத்தினார். காற்று ஏரியிலிருந்து தோப்புக்குக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், தலையாட்டினாள், மறுபடியும் ஊதினாள். இரண்டு. மறுபடி இரண்டு. வார்த்தையின் முன்பாதிதான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஊதாதன்றேன்... ஐயோ, ஊதுன்னு கேக்குதுபா அவளுக்கு."

நசீருதீன் பீடியைப் போட்டுவிட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கரைச்சரிவில் இறங்கி ஓடினார். அறுபதைத் தாண்டிய டிரைவரின் ஓட்டம். தொப்பை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மாணிக்கவேல் இரண்டு அடி எடுத்து வைத்தார். முட்டி மடங்கிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்க்க நாய் ஒரு பழுப்புப் புள்ளி. தோப்பு முடிந்து, புல் முடிந்து, மேடு ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. மேலே ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

கை தகரத்தில் இருந்தது. அப்போதுதான் அதை அவர் கவனித்தார். கையை ஓங்கி, உள்ளங்கை விரிய, பலகையை ஓர் அறை அறைந்தார்.

ஒன்று. ஒன்றுதான். இன்னொன்று விழுந்துவிடாமல் கையைத் தகரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் தண்ணீர்மேல் போய் மோதித் திரும்பி வந்தது. கொக்குகள் எழுந்தன. மேட்டின் அடியில் பழுப்புப் புள்ளி நின்றது. டேங்கர் போயிற்று. அதன் பின்னால் ஒரு பஸ் போயிற்று. புள்ளி அசையவில்லை.

தோப்பின் நடுவில் நசீருதீனும் நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.

பிரியதர்ஷினி அவரைத் தாண்டி ஓடிப் போய் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள். பிடித்த பிறகும் அது உட்காரவில்லை, வாலையும் ஆட்டவில்லை. தூரத்தில் பலகை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கயிற்றை மாட்டி இழுத்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

கரைக்கு ஏறி வந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. மொச்சைக்கு மட்டும் சாதாரணமாக நாக்கு தொங்கியது. பிரியதர்ஷினியின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ரெண்டு வாட்டி ஊதினா திரும்பி வரணும்பா. எல்லா வீடியோவுலயும் அப்பிடித்தான் சொல்றாங்க. அது ஏன் ஓடுச்சு?"

"ரெண்டு ஊதினா ரைட்டுமா" என்றார் மாணிக்கவேல்.

அவள் அவரையே பார்த்தாள். "நாய்க்குமா?"

"பின்ன? எனக்கு வேற என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாதாப்பா அது? உங்க பஸ்லதான ஸ்கூலுக்குப் போனேன். நாய்க்கும் அதேதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியுமேன்னு இருந்துட்டேன்."

நசீருதீன் இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மாணிக்கவேல் அவர் பக்கம் திரும்பினார்.

"நாய் நின்னுச்சு, சரி. நீ ஏன்யா நின்ன? ஓடிப் போய்ப் புடிக்கறத வுட்டுட்டு."

"நீ அடிச்சியே."

"உனக்கா அடிச்சேன்?"

"யாருக்கு அடிக்கறேன்னு போர்டா மாட்டிக்கினு அடிச்ச? காலு நின்னுடுச்சுயா. நான் என்னா பண்றது" என்றார் நசீருதீன் எரிச்சலாக. பிரியதர்ஷினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். ஏரியில் எழுந்த கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"இது உங்க நாய்ப்பா. என்னோடது இல்ல. கூப்பிட்டா வரல, பேரே தெரியல. அங்க போய் என்னாவது ஆச்சுன்னா... இங்கயே இருக்கட்டும். காலைல நடக்க யாரையாவது ஆள் பாத்துக்கலாம்."

மாணிக்கவேலுக்குத் தெரிந்தது, இந்த ஒரு வார்த்தைக்குத்தான் போன மாதத்திலிருந்து காத்திருந்தோம் என்று. போனில் அவள் சரி என்றபோது எங்கேயோ வலித்ததும் இதனால்தான். இப்போது அவள் சொல்லிவிட்டாள். 'சரி' என்றால் போதும். மொச்சை சாக்கில் ஏறிப் படுத்துக்கொள்ளும், காந்தா கதவைத் திறந்து 'திரும்பி வந்துட்டியா பீடை' என்பாள், நாளைக் காலையில் பாவுக்கு முன்னால் அது நிற்கும்.

நாளைக் காலை. அதற்கு மறுநாள் காலை. மழைக்காலத்துச் சேறு. ஆட்டைப் பார்த்தால் அது இழுக்கிற இழுப்பு. சற்று முன்னால் இரண்டே அடியில் மடங்கிய முட்டி. பலகை மட்டும் அங்கே இல்லாதிருந்தால்? ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். ஆள் வருவான், நாலு நாள் வராமல் போவான், ஐந்தாம் நாள் அவர்தான் எழுந்திருக்க வேண்டும். நினைக்கும்போதே உடம்பு முழுக்க மண்ணைப் போட்டு மூடியதைப் போல அசந்தது. வேண்டும் என்கிற ஆசை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கத்தான் தெம்பு இல்லை.

"இல்லமா" என்றார். "நீயே இட்டுக்கினு போ. என்னால ஆவாது."

"அப்பா..."

"ஒண்ணு ஊதினா நிக்கும். ரெண்டு ஊதினா போவும். கூப்புடறதுக்கு ஊதாத, மொச்சன்னு கூப்புடு, வந்துடும். அவ்வளவுதான். இதுல வேற வித்தை இல்ல."

"எங்க ஃபிளாட்ல நின்னுக்கினு மொச்சன்னு கூப்புடறதா?"

"கூப்புடு. என்னா இப்போ?"

ஆட்டோவின் பின்னாலேயே பிரியதர்ஷினி ஓட்டி வந்த கார் கரை ஓரத்தில் நின்றது. பின்சீட்டில் காந்தா கொடுத்த படுக்கைத் துணியை விரித்தாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு "வா, ஏறு" என்றாள். மொச்சை கதவு வரைக்கும் போய் நின்றது. பட்டையைப் பிடித்து இழுத்தாள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பிஸ்கட்டைக் காட்டினாள், கழுத்தை மட்டும் நீட்டி வாங்கித் தின்றுவிட்டு மறுபடி நின்றது. முரண்டு பிடிக்கிற நிற்பு அல்ல அது. வரிசையில் நிற்கிற நிற்பு.

விசில் அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். ஊதவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

மாணிக்கவேல் முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். காரின் பின்பக்கம் வரை நடந்து வந்தார். மொச்சை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தது. காரின் கூரைமேல் கையை வைத்தார். வெயிலில் சுட்டது. காந்தா வராமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

தட்டினார். ஒன்று. இரண்டு.

நாய் ஏறியது. ஏறித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, மோவாயைக் கால்மேல் வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் படுப்பது போலவே. எங்கே போகிறோம் என்ற கேள்வி அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிரியதர்ஷினி கதவை மூடினாள். அப்பாவின் தோளைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள்.

"இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு" என்றார் அவர். காலை பத்து மணிகூட ஆகியிருக்கவில்லை.

கார் கரையிலிருந்து இறங்கி, தோப்பைச் சுற்றிக்கொண்டு போய், மேட்டில் ஏறி லாரிகளோடு கலந்தது. நசீருதீன் ஆட்டோ அருகே நின்றுகொண்டிருந்தார். மாணிக்கவேல் வந்து பின்சீட்டில் ஏறினார். பக்கத்தில் சாக்கு. அதில் ஒட்டியிருந்த மயிரை இரண்டு விரலால் எடுத்து வெளியே விட்டார். இன்னும் நிறைய இருந்தது. விட்டுவிட்டார்.

"அதான் பொண்ணே வச்சிக்கோன்னு சொல்லிச்சே" என்றார் நசீருதீன், முன்னால் பார்த்துக்கொண்டே.

"சொல்லிச்சு."

"பின்ன?"

"காலு ஒத்துக்கலய்யா. நான் என்னா பண்றது."

நசீருதீன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினார். கிளம்பிய வண்டி நின்ற இடத்திலேயே படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கியர் போடாமல், கைப்பிடியில் கை வைத்தபடி அவர் காத்திருந்தார். எதற்கு என்று மாணிக்கவேலுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது, ரைட்டுக்காக.

வீட்டில் ஃபேன் இருந்தது, தலையணை இருந்தது. காந்தா முகத்தைக் கழுவிக்கொண்டு காத்திருப்பாள். இப்போதே போய்ப் படுத்தால் மத்தியானம் வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

கையை வெளியே நீட்டி, ஆட்டோவின் தகரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

நசீருதீன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.